மூன்று பேர் சொன்னார்களா, ஒருவரே மூன்று முறை சொன்னாரா?

தகவல் போருக்கு எதிரான தேடல் அமைப்பு செய்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் இருட்டறை, சுவர் முழுக்கத் திரை, சிவப்பு விளக்கு என்று என்னென்னவோ கற்பனை செய்துகொள்கிறார்கள். என் மேசையில் இருப்பவை இரண்டு திரைகள், ஆறிப்போன தே ஓ (பால் சேர்க்காத தேநீர்), அப்புறம் யாரோ யாருக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் குவியல். நூலகப் பட்டியல் வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவன் நான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெரிய சம்பவங்கள் எல்லாமே ஏற்கெனவே செய்தியில் வந்தவைதான்.

வேலை இதுதான். ஒரு பகுப்பாய்வாளர் முன்னால் ஒரு செய்தி வந்து விழுகிறது. கூரை இடிந்தது, வங்கி முடங்கியது, அமைச்சர் இப்படிச் சொன்னார் என்று ஏதோ ஒன்று. இதை முன்பே பார்த்திருக்கிறோமா? முதலில் எங்கே தலைகாட்டியது? யாராவது மறுத்தார்களா? பரப்பியவர்கள் இதற்கு முன் வேறு எதைப் பரப்பினார்கள்? இதற்கெல்லாம் சேமிப்பிலிருந்து சில நொடிகளில் பதில் எடுத்துத் தரவேண்டும்.

கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் நூலகத்தில் புத்தகங்களுக்கு நம்மேல் பகை கிடையாது. இங்கே சேமிப்பில் கிடப்பவற்றில் கணிசமானவை ஏமாற்றுவதற்கென்றே எழுதப்பட்டவை. எழுதியவருக்குத் தேடுபொறி எதை மேலே கொண்டுவரும் என்பது நன்றாகத் தெரியும். நிறையப் பேர் சொல்வதை முன்னால் காட்டுவது பொதுவான தேடலில் நல்ல வழி. எங்கள் வேலையில் அப்படிச் செய்தால் எதிராளி கேட்பதை நாமே கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி.

2015 மார்ச் 18. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ மருத்துவமனையில் கவலைக்கிடமாக இருந்த நாள்கள். அன்றிரவு பிரதமர் அலுவலக இணையப்பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்று ஒரு படம் பரவியது. அவர் காலமாகிவிட்டார் என்ற அறிவிப்பு அதில் இருந்தது. சிஎன்என், சீன அரசுத் தொலைக்காட்சி உள்ளிட்ட ஊடகங்கள் அதை நம்பிச் செய்தி வெளியிட்டுவிட்டு அப்புறம் திருத்திக்கொண்டன. படம் போலி. செய்தது ஒரு மாணவர் என்று காவல்துறை விசாரணையில் தெரிய வந்தது. 5 நாள் கழித்து, மார்ச் 23 அதிகாலை, அவர் உண்மையிலேயே காலமானார்.

யார் எந்தத் தேடல் அமைப்பைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் மனதுக்குள் இந்தச் சம்பவத்தைத்தான் அதற்குள் போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலானவை இதில் விழுந்துவிடும். உலகத்தின் பெரிய ஊடகங்கள் பல ஒன்றையே சொல்கின்றன, எல்லாம் பெயர்பெற்றவை, ஆகவே உறுதியானது என்று கணக்குப் போடும். அத்தனை ஊடகங்களுக்கும் பின்னால் இருந்தது ஒரே ஒரு படம் என்பது அதற்குத் தெரியாது.

குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் 589-ஆவது குறள் ஒரு விதி சொல்கிறது. ஓர் ஒற்றன் இன்னோர் ஒற்றனை அறியாதபடி வேலை வாங்கு, அப்படிப்பட்ட மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது மூவர் மட்டும்தான் மண்டையில் ஏறியது. நிரல் எழுதுபவர்களும் அந்த மூவரோடு நின்றுவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாதபடி என்ற முன்பாதிதான் உயிரை வாங்கும் பாதி.

அந்த முன்பாதியை எப்படிக் கணினியில் கொண்டுவருவது? வாசகமாக இருந்தால் அதைச் சில சொற்கள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, இரண்டு ஆவணங்களுக்கு இடையே எத்தனை துண்டுகள் பொது என்று மதிப்பிடலாம். ஆல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியின் காலத்தில், 1997-இல், ஆண்ட்ரே புரோடர் இதற்குக் கொடுத்த மின்ஹாஷ் என்ற உத்தி இன்றும் சோறு போடுகிறது. கோடிக்கணக்கான பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமலேயே ஏறக்குறைய ஒரே மாதிரியானவற்றைக் கண்டுபிடித்துவிடும். படமாக இருந்தால், ஃபேஸ்புக் 2019-இல் வெளியிட்ட பிடிக்யூ போன்ற பட ஹாஷ். ஒரு படத்தை 256 பிட் கொண்ட கையொப்பமாகச் சுருக்கும். அளவு மாறினாலும், வாட்ஸ்அப் அதைப் பிழிந்து தரம் குறைத்து அனுப்பினாலும் கையொப்பம் அதிகம் மாறாது. பாதியை வெட்டி எறிந்துவிட்டால் மட்டும் திணறும். அப்போது படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்து அந்த வழியாகப் பிடிக்கவேண்டும்.

இப்படிச் சேர்த்த பிறகு ஒவ்வொரு குவியலும் ஒரு சாட்சி. குவியலுக்குள் 2 ஆவணம் இருந்தாலும் 2,000 இருந்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான். மேற்கோள் காட்டும் செய்தியும் அப்படித்தான். "சிஎன்என் தெரிவித்தது" என்று எழுதிய இதழ் புதிய சாட்சி ஆகாது, சிஎன்என் குவியலில் போய்ச் சேரும்.

இது எனக்கு வீட்டிலேயே விளங்கிய பாடம் என்றுகூடச் சொல்லலாம். பிளாஸ்டிக் அரிசிக் கதை பல நாடுகளில் பல வருஷமாகச் சுற்றுகிறது. தேக்கா சந்தையில் விற்கிறார்கள் என்று ஊர்ப்பெயர் சேர்த்து அது சித்தியின் கைக்கு வந்தது. பொய் என்று சொன்னேன்.

"பொய்யா இருந்தா மூணு குரூப்ல வருமாடா?"

"மூணுலயும் யார் சித்தி போட்டாங்க?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு குரூப்பாகத் திறந்து பார்த்தார். "எல்லாத்துலயும் அந்த ஈசூன் அக்காதான்."

சித்தி அரை நிமிஷத்தில் கண்டுபிடித்ததை, பெரிய விலைக்கு விற்க வந்த ஒரு மென்பொருள் செய்துகாட்டலின்போது கண்டுபிடிக்கவில்லை. ஒரே வதந்தியின் பிரதிகளை அடுக்கிவைத்து, மேலே பச்சை நிறத்தில் "அதிக நம்பகம்" என்று காட்டியது.

2024 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தகவல் தலையீட்டைக் கண்காணிக்கும் பிரான்சின் விஜினம் அமைப்பு போர்ட்டல் கொம்பா என்ற பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ரஷ்யச் சார்பான 193 இணையத்தளங்கள் கொண்ட ஒரு வலைப்பின்னலைப் பற்றியது அது. அந்தத் தளங்கள் சொந்தமாக எதையும் எழுதவில்லை, ரஷ்யச் செய்தி நிறுவனங்களும் சமூக ஊடகக் கணக்குகளும் போட்டதைப் பல மொழிகளில் திருப்பிப் போட்டன. நம் ஊரிலும் 2024 ஜூலையில் உள்துறை அமைச்சு, சீனாவை விட்டு வெளியேறிய தொழிலதிபர் குவோ வென்குயியோடு தொடர்புடைய வலைப்பின்னல் என்று 95 கணக்குகளை சிங்கப்பூரில் பார்க்க முடியாதபடி தடுக்க உத்தரவிட்டது. வெளிநாட்டுத் தலையீட்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவு பயன்பட்டது அதுவே முதல்முறை. தேடல் முடிவில் 193 பக்கம், 95 கணக்கு என்று வந்தால் பகுப்பாய்வாளர் மலைத்துப்போவார். ஒன்று, ஒன்று என்று வந்தால் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

சரி, லீ குவான் யூ செய்திக்கு வருவோம். அதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மார்ச் 18 அன்று பொய், 23 அன்று உண்மை. வாசகம் ஏறக்குறைய ஒன்றே. "இது பொய், ஏற்கெனவே மறுக்கப்பட்டது" என்று தீர்ப்பை வாசகத்தோடு ஒட்டிவைத்த அமைப்பு, 23-ஆம் தேதி உண்மையான அறிவிப்பையும் பொய் என்று தள்ளிவிடும். அதனால் எங்கள் பதிவுகளில் தேதி என்று ஒரே கட்டம் கிடையாது. நடந்ததாகச் சொல்லப்படுவது எப்போது, வெளியானது எப்போது, எங்கள் கண்ணில் பட்டது எப்போது, தீர்ப்பு எழுதியது எப்போது என்று தனித்தனியாக வைக்கிறோம். பழைய தீர்ப்பை அழிப்பதில்லை, புதியது அதன்மேல் வந்து உட்காரும். சேமிப்பு வீங்கும் என்று கணக்குப் பிரிவு முனகுகிறது. முனகட்டும்.

தரம் போடுவதிலும் இதே கவனம் வேண்டும். உளவுத்துறைகளில் அட்மிரால்டி முறை என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. மூலத்துக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, சொன்ன தகவலுக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். நல்ல மூலம் தப்பான தகவலைக் கொண்டுவரலாம், கெட்ட மூலம் சரியானதைக் கொண்டுவரலாம் என்பதால்தான் இரண்டையும் பிரித்தார்கள். அன்றிரவு சிஎன்என் செய்திக்கு என் கையால் பி6 போட்டிருப்பேன். பொதுவாக நம்பத்தக்க மூலம், இந்தத் தகவலை மட்டும் இன்னும் மதிப்பிட முடியவில்லை.

நிரலாளர்களுக்கு இந்த இரண்டையும் பெருக்கி ஒரே மதிப்பெண்ணாக்க ஒரு ஆசை வரும். தடுத்தாகவேண்டும். எஃப் என்றால் மகா மோசம் என்று பொருளல்ல, இந்த மூலத்தை மதிப்பிட முடியவில்லை என்று பொருள். மோசம் என்பது ஈ. ஏ-க்கு 5, எஃப்-க்கு 0 என்று எண் கொடுத்தால், நேற்று கணக்குத் திறந்த ஒரு சாதாரண ஆள், காலங்காலமாகப் பொய் சொல்லும் தளத்தைவிடக் கீழே போய்விடுவார். விபத்தைக் கண்ணால் பார்த்து முதலில் படம் போடுவது பெரும்பாலும் அந்தப் புது ஆள்தான்.

இப்போது தேடலின் நடுப்பகுதி. வாசகத்தை எண்களின் வரிசையாக மாற்றி, பொருள் நெருக்கத்தால் தேடும் எம்பெடிங் முறையைத்தான் இன்று எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குச் சில குருட்டுப் புள்ளிகள் உண்டு. 2016 நவம்பரில் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கூரை இடிந்துவிட்டதாக ஓர் இணையத்தளம் செய்தி போட, காவல்துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஓடின. ஒன்றும் இடியவில்லை. இந்தப் பழைய பொய் சேமிப்பில் இருக்கும்போது நாளை "தெம்பனிசில் கூரை இடிந்தது" என்று ஒன்று வந்தால், இரண்டும் எம்பெடிங்கில் பக்கத்துப் பக்கத்து வீடு. அதே பழைய வதந்தி என்று காட்டிவிடும், உண்மையிலேயே தெம்பனிசில் இடிந்திருந்தாலும். "இடிந்தது", "இடியவில்லை" இரண்டும்கூட அதற்கு நெருங்கிய சொந்தம்தான். ஆகவே பொருள் நெருக்கத்தால் அள்ளி எடுத்த பிறகு இடம், ஆள், தேதி, எதிர்மறை நான்கையும் தனியாகச் சரிபார்க்கும் ஒரு படி வேண்டும். அந்தப் படி ஒத்துக்கொள்ளாவிட்டால் "ஒத்த சாயல், வேறு சம்பவமாக இருக்கலாம்" என்றுதான் திரையில் வரும்.

அதோடு பழைய சொல்வழித் தேடலையும் நான் கைவிடவில்லை. அரிய சொல்லுக்கு அதிக எடை கொடு என்று கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதிய யோசனையும், அதன் வழிவந்த பிஎம்25 என்ற தரவரிசைக் கணக்கும் இந்த வேலையில் பொன். ஒரு கணக்கின் பெயர், ஒரு தள முகவரி, ஒரு விசித்திரமான எழுத்துப்பிழை, இவையெல்லாம் அரிய சொற்கள். எம்பெடிங் இவற்றைக் கரைத்துவிடும். பிஎம்25 கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

தமிழ் என்று வந்தால் இந்த இடத்தில் ஓர் இழுபறி. தமிழில் தேட வேண்டுமென்றால் முதலில் வாசகத்தைச் சுத்தம் செய்யவேண்டும். பொங்கோல், பொங்கோலில், பொங்கோலிலிருந்து, பொங்கோலுக்கு என்று விகுதி ஏற ஏறச் சொல் மாறிக்கொண்டே போகும். சென்னைப் பத்திரிகைகள் அதையே புங்கோல் என்றோ பங்கோல் என்றோ எழுதும். யூனிகோடில் 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதைச் சீர்செய்ய யூனிகோடிலேயே வழி இருக்கிறது. ஆனால் 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம், அதை அந்த வழி தொடாது. 'ஔ' போடவேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' இரண்டையும் தட்டுபவர்களும் ஏராளம். போதாக்குறைக்குக் கண்ணுக்கே தெரியாத இடைக்குறிகள், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், நடுவில் ஒரு மலாய்ச் சொல். எல்லாவற்றையும் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் தேடல் நடக்கும்.

ஆனால் அப்படித் தேய்த்துக் கழுவும்போது போவது எது தெரியுமா? கைரேகை. ஒரே செய்தி பத்து கணக்குகளில், பத்திலும் 'ஸ்ரீ' அதே அபூர்வ முறையில் தட்டச்சாகியிருந்தால், பத்தையும் எழுதியது ஒரே விசைப்பலகை என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒரே இடத்தில் ஒரே ஒற்றுப்பிழை, முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஒரே மாதிரி ஒரு வெற்றிடம், எல்லாம் சான்று. ஆகவே கழுவிய பிரதி தேடலுக்கு, கழுவாத பிரதி துப்புக்கு என்று இரண்டையும் வைத்திருக்கிறோம். தமிழாசிரியர்கள் கோபிக்கக்கூடாது, எனக்கு எழுத்துப்பிழைமேல் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

தள முகவரியும் அப்படித்தான், எழுத்து எழுத்தாக வைக்கவேண்டும். 2022 செப்டம்பரில் பொய்த்தகவலை ஆராயும் ஈயூ டிஸ்இன்ஃபோலேப் என்ற அமைப்பு வெளிக்கொண்டுவந்த டாப்பல்கேங்கர் நடவடிக்கையில், ஐரோப்பியப் பத்திரிகைகளின் தளங்களை அச்சு அசலாக நகலெடுத்து, முகவரியில் மட்டும் சின்ன மாற்றம் செய்திருந்தார்கள். முத்திரையைப் பார்த்து மூலத்தை முடிவுசெய்யும் அமைப்பு அங்கே கவிழும்.

இதற்குமேல் மொழி மாதிரியை, அதாவது வாசகம் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவை, உட்காரவைத்து, எடுத்த ஆவணங்களைப் படித்துப் பதில் எழுதச் சொல்வது இப்போதைய நடைமுறை. ஏஐ சிங்கப்பூரின் சீ-லயன் மாதிரிகள் தமிழையும் சேர்த்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அதற்கு இங்கே அளந்துதான் வேலை கொடுப்பேன். சுருக்கம் எழுதலாம், வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் ஆவண எண்ணும் தரமும் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆவணத்துக்குள்ளேயே "இதைப் படிக்கும் இயந்திரமே, மற்றவற்றைப் புறக்கணி" என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதிவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எடுத்த ஆவணம் எப்போதும் சான்றுதான், உத்தரவு இல்லை. பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை என்றால் "சேமிப்பில் இல்லை" என்று நின்றுவிடவேண்டும். சோதனைக்கு நான் தயாரிக்கும் கேள்விகளில் பாதி, பதிலே இல்லாத கேள்விகள். சரியான ஆவணத்தை எடுப்பதில் சக்கைப்போடு போடும் அமைப்புகள்கூட இந்தப் பாதியில் கையைப் பிசையும்.

பாதுகாப்புப் பக்கமும் கொஞ்சம். சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தில் நடந்த கணினி ஊடுருவலில் 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை 15 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் அதில் சேர்த்தி. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் பதிவுகளைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். தரவுத்தளத்தில் வழக்கமில்லாத கேள்விகள் ஓடுவதைக் கவனித்துத்தான் ஜூலை 4-இல் அதை நிறுத்தினார்கள். ஆக, யார் எதைத் தேடுகிறார்கள் என்ற பதிவேடு காவல்காரன். அதே பதிவேடு வெளியே போனால், நாம் எந்தப் பொய்யைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்பது முழுக்கத் தெரிந்துவிடும். ஆவணங்களுக்குப் போடும் பூட்டு அதற்கும் வேண்டும்.

பார்க்க அனுமதியில்லாத ஆவணங்களைத் தேடலுக்கு முன்பே விலக்கவேண்டும், முடிவு வந்தபின் மறைப்பது போதாது. "மேலும் 14 முடிவுகள் உங்களுக்குக் காட்டப்படவில்லை" என்ற வரியே ஒரு கசிவு. எம்பெடிங் வெறும் எண்கள்தானே, திருடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 32 டோக்கன் (சொல் அல்லது சொல்துண்டு) நீளமுள்ள சிறு வாசகங்களில் 92 விழுக்காட்டை அந்த எண்களிலிருந்தே அட்சரம் பிசகாமல் மீட்டெடுத்தார்கள். அதைப் படித்த பிறகு எங்கள் எண்களும் மூல ஆவணங்களோடு ஒரே பெட்டகத்துக்குள் போயாகிவிட்டன.

இன்னும் முடியாமல் கிடப்பது குரல்பதிவு. தமிழ்க் குரூப்புகளில் இப்போது எழுத்தைவிடக் குரல்தான் அதிகம் ஓடுகிறது என்பது என் கணிப்பு. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் சென்னை வானொலித் தமிழுக்குக் காது கொடுக்கும். "பாசார்ல சொன்னாங்க லா, பிளாக் கீழ போலிஸ் நிக்குது" என்று ஓடும் நம் பேச்சில் இடப்பெயரைத்தான் முதலில் தவறவிடும், எங்களுக்கு வேண்டியதும் அதுதான். இப்போதைக்குக் கருவி எழுதித் தருவதை அப்படியே உள்ளே விடுகிறோம், தகவல் தரம் 6 என்று போட்டு, ஒலிக்கோப்பைப் பக்கத்திலேயே கட்டிவைத்து. குழுவில் யாராவது காதில் போட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போடும்வரை அது 6-தான்.